காப்பிக் களத்தில் நெச ஆட்டம்

கிளியூர்ப் பக்கத்து எஸ்டேட் லைன் வீடுகளில் கனகாவின் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. காப்பிப் பழம் பறிக்கிறவள்தான். ஆனால் மகள் கௌரியை யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும், கணக்கெழுதும் எஸ்டேட் ரைட்டரே ஒதுங்கித்தான் நிற்க வேண்டும்.

கௌரிக்கு எட்டு வயது. அறிவுக்குக் குறைவில்லை, வாயும் தாய்க்குத் தப்பாத வாய். கைக்கும் காலுக்கும்தான் ஒத்துப்போகாது. வெறுந்தரையில் தடுக்கி விழுவாள். பந்தைப் பிடிக்கப் போனால் அது நேரே மூக்கில் வந்து இறங்கும். சேலத்து டாக்டர், "பயப்படாதம்மா, உடம்பு அசைவு இவளுக்குச் சட்டுனு கூடி வரல. பழகப் பழகத் தேறுவா" என்றார்.

பழம் காயப்போடாத நாட்களில் காப்பிக் களத்துச் சிமெண்டுத் தரையில் பிள்ளைகள் கட்டம் கிழித்து, ஒற்றைக் காலில் தாவிப் பாண்டி ஆடுவார்கள். அதில் கௌரி ஒப்புக்குச் சப்பாணி. கோட்டை மிதித்தாலும் கணக்கில்லை, இரண்டு காலையும் ஊன்றினாலும் கேட்பாரில்லை. அந்த ஏற்பாட்டைச் செய்ததே கனகாதான். "எம்புள்ளைய அவுட்டுன்னு எவனாச்சும் சொன்னீங்க, அப்பறம் இருக்குது!" என்று ஒருநாள் களத்தில் நின்று கத்திவிட்டு வந்தாள்.

"நான் நெசமா ஆடோணும்மா" என்று கௌரி அழுவாள். "சேத்துக்கறாங்கல்ல, போ கண்ணு" என்பாள் கனகா. பெற்றவளுக்கே புரியவில்லையென்றால் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்?

ஏற்காட்டில் ஸ்டெஃபி என்ற பிசியோதெரபிஸ்ட் இப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறாள் என்று கேள்விப்பட்டு, கனகா மகளைக் கூட்டிப்போனாள். அங்கே பார்த்தால் வீடியோ கேம்!

"ஏனுங்க, காலு நிக்கலைன்னு கூட்டியாந்தா டிவி போட்டுக் காட்டறீங்க. இதென்ன ஞாயமுங்க?"

"உக்காந்து ஆடற கேம் இல்லீங்கக்கா. இந்தக் கேமரா முன்னால கௌரி எப்படிச் சாயுதோ அப்படியே டிவியில பொம்மையும் சாயும். ஒத்தக் கால்ல நின்னாத்தான் பாலம் தாண்டும்."

கனகாவுக்கு மனசு கேட்கவில்லை. பறிப்பில் இடுப்புப் பையைக் கட்டும் துண்டு கூடவே இருந்தது. அதை மகள் இடுப்பில் முடிந்து, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். ஆட்டம் தொடங்கியது. கௌரி சாய்ந்தால் பொம்மை மரம் மாதிரி நின்றது. கனகா "ஐயோ, பாத்து!" என்று துள்ளினால் பொம்மையும் துள்ளியது.

"அம்மா! கேமரா உன்னையப் புடிச்சிக்கிச்சு! நீதான் ஆடற!"

ஸ்டெஃபிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அக்கா, துண்ட உட்டுட்டு அந்தச் செவுத்தோரம் உக்காருங்க. கீழ மெத்தை இருக்குது, பக்கத்துல நான் இருக்கறேன்."

கனகா அரைமனசாக விட்டாள். கௌரி விழுந்தாள். கனகா பாதி எழுந்துவிட்டாள். ஆனால் களத்தில் விழுந்தால் ஊரைக் கூட்டுகிற பிள்ளை, இங்கே எழுந்து "இன்னொருக்கா!" என்றது.

வாராவாரம் போனார்கள். வீட்டில் பல் துலக்குவதுகூட ஒற்றைக் காலில்தான் என்றானது. காப்பிப் பூ பூக்கிற சமயத்தில் கௌரியின் பொம்மை தள்ளாடித் தள்ளாடிப் பாலம் தாண்டியது. அன்று பஸ் முழுக்க அந்தக் கதைதான், கண்டக்டருக்கும் சேர்த்து.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கௌரி தனியாகக் களத்துக்குப் போனாள். "ஒப்புக்குச் சப்பாணி வேண்டாம். நெசமாச் சேத்துக்கங்க." களத்தை ஒட்டிய குழாயடியில் குடத்தோடு நின்ற கனகாவின் காதில் அது விழுந்தது. போகத் துடித்த காலை அடக்கிக்கொண்டாள்.

முதல் கட்டம் தாவினாள். இரண்டாவது. மூன்றாவதில் தள்ளாடி, சமாளித்து நின்றாள். நான்காவதில் குதிகால் கோட்டில் பட்டுவிட்டது.

பழக்கதோஷம், எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். லோகேஷ் என்ற பொடியன் மட்டும் தன்னை மறந்து கத்தினான். "கௌரி அவுட்டு!"

குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள் கனகா. அவளைப் பார்த்ததும் லோகேஷ் களத்துச் சுவருக்குப் பின்னால் பாய்ந்தான். கௌரியோ இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எதிரே வந்தாள்.

"அம்மா! நான் அவுட்டும்மா! நெசமாவே அவுட்டு!"

அந்த முகத்தில் அப்படியொரு சந்தோஷம். திட்டத் திறந்த கனகாவின் வாய் திறந்தபடியே நின்றது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"லோகேசு, வெளிய வா சாமி. இன்னொருக்கா நல்லாச் சத்தமாச் சொல்லு."