ஸ்டேஷன் ஓட்டலின் நடுச்சுவர்

ராஜபாளையம் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ஸ்டேஷன் ஓட்டலைக் கரி இன்ஜின் காலத்தில் ஓலைக் கொட்டகையாகத் தொடங்கியவர் சமுத்திரத்தின் தாத்தா மொக்கைச்சாமி. குற்றாலம் போகிறவர்களும் பஞ்சு வாங்க வருகிறவர்களும் இறங்கியதும் தேடியது அவர் காப்பியைத்தான். அப்பா காலத்தில் அது காரைக் கட்டடமானது. முன்வாசல் ஸ்டேஷனைப் பார்த்தது, பின்வாசல் பஸ் போகும் ரோட்டைப் பார்த்தது.

அப்பா போனபின் பாகம் பிரித்தார்கள். மூத்தவன் பிரிக்க, இளையவன் எடுக்க வேண்டும் என்பது வழக்கம். சமுத்திரத்துக்கு ஸ்டேஷன் வாசல்மேல் கண். தம்பி அதை எடுத்துவிடக் கூடாதே என்று கிரைண்டர், நல்ல மேசைகள், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் ரோட்டுப் பக்கத்துப் பங்கில் சேர்த்து வைத்தார். தம்பி சிவபாண்டி அதையே எடுத்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்திரம் பதிந்துவிட்டுத் திரும்பும்போது சமுத்திரத்தால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நடுவில் சுவர் எழுந்தது.

கொஞ்ச நாளில் அகலப் பாதை போடத் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். ரயில் நின்றது. சமுத்திரத்தின் வாசலில் ஆடுகள் படுத்தன. பஸ்ஸுக்கு நின்ற கூட்டமெல்லாம் சிவபாண்டி கடைக்குள் நுழைந்தது. மறுபடி ரயில் ஓடத் தொடங்கியபோது, ஊர் அந்தப் பக்கம் சாப்பிடப் பழகியிருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் போனால் சிவபாண்டி அண்ணனுக்குப் பால்கோவா வாங்காமல் வரமாட்டான். சமுத்திரம் அதை அப்படியே ஆட்டோக்காரர்களிடம் கொடுத்துவிடுவார். தம்பிக்கு மஞ்சள் காமாலை வந்தபோது கூமாப்பட்டிக்கு அலைந்து நாட்டு மருந்து வாங்கி வந்தது அவர்தான். தம்பி படுத்திருந்தும் வியாபாரம் குறையவில்லையே என்று வயிறு எரிந்ததும் அவருக்குத்தான். இரண்டும் ஒரே மனசிலிருந்து எப்படி வரும் என்று அவருக்கே விளங்கியதில்லை.

இப்போது சென்னை ரயிலில் கூட்டம் கூடிவிட்டது. வேலைக்கு ஆள் வைக்க முடியாமல் சமுத்திரம் திணறினார். வந்தவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். ஒரு மத்தியானம் சிவபாண்டி வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, நடுச்சுவத்துல ஒரு வாசல் விடுவோம். அடுப்பு என் பக்கம், கூட்டம் ஒங்க பக்கம். வாரதுல பாதிப் பாதி."

தம்பி தன்னிடம் ஒன்று கேட்டு நிற்க வேண்டும் என்று எத்தனை வருசம் காத்திருந்தார்! அந்த நொடியை ருசித்து மென்றுவிட்டுச் சொன்னார்: "யோசிக்கணும்லே."

அவன் போனதும் மனைவி காளீஸ்வரி உள்ளேயிருந்து வந்தாள். "இதுல யோசிக்க என்ன கெடக்கு? கடைய மூடுத நெலமையில இருக்கோம். ஒங்க சோத்துல மண்ணு விழுந்தாலும் சரி, அவிய சோத்துல நெய்யி விழப்படாது, அதானே?"

"நான் அப்பிடிச் சொன்னேனா?"

"சொன்னாத்தானா?"

மறுநாள் சமுத்திரமே பின்வாசலுக்குப் போனார். கல்லாவில் இருந்த சிவபாண்டி எழுந்து நின்றான்.

"வாசல் விடலாம். ஆனா கதவுக்குத் தாப்பா என் பக்கந்தான் இருக்கணும்."

மறுப்பான், சண்டை போடுவான், அந்தச் சாக்கில் வேண்டாம் என்றுவிடலாம் என்று நினைத்திருந்தார்.

"அதுக்கென்னண்ணே, ஒங்க பக்கமே வச்சுக்கோங்க. நாளைக்கே கொத்தனார வரச் சொல்லுதேன்."

சமுத்திரம் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"சரின்னுட்டானா?" என்றாள் காளீஸ்வரி.

"சரின்னுட்டான். ஏட்டி, இம்புட்டு லேசாச் சரிங்கானே, அதுல அவனுக்கு என்ன லாபம் இருக்கும்?"

அவள் இலையைப் போட்டாள்.