பால்வெளி பார்க்கத் தோண்டிய பள்ளத்தைத் தேடி டோவர் ஹைட்ஸ் போனோம்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். போன சனிக்கிழமை வரைக்கும், ரேடார் என்றால் போலீஸ்காரர் புதருக்குப் பின்னால் நின்று நம் வண்டி வேகத்தைப் பிடிக்கிற சாமான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை மாட்டியவன் வேறு எப்படி நினைப்பான்? எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் விட்டுவிட்டோம். இப்போது சிட்னியில் பிளாக்டவுன் பக்கம் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். அப்பேர்ப்பட்ட நான் ரேடார் ஆராய்ச்சி நடந்த இடத்துக்குப் போய் வந்தேன். அதிர்ச்சி இன்னும் இறங்கவில்லை.

போன காரணம் என் சம்பந்தி, அதாவது மருமகளின் அப்பா. கோயம்புத்தூரில் கல்லூரியில் ரேடியோ பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். மகள் பிரசவத்துக்காக இங்கே வந்திருக்கிறார். வந்த வாரமே வீட்டில் வைஃபை படுத்துவிட்டது. "பெட்டியை அலமாரிக்குள்ள பூட்டி வச்சா எப்படி வரும்? உயரத்துல வைங்க" என்றார். என் பையன் ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமல், "நீங்க ரெஸ்ட் எடுங்க அங்கிள், ஆப்ல பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டான். சொந்த மாமனாரை அங்கிள் என்கிற பிள்ளையைத்தான் பெற்று வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு வாயை மூடியவர் பிறகு திறக்கவே இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், தட்டைக் கழுவி வைப்பார், ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவார். வெள்ளிக்கிழமை ஒரே ஒரு வாக்கியம் பேசினார்: ஊர் திரும்ப ஆகஸ்ட் கடைசிக்குப் போட்ட டிக்கெட்டை, வருகிற திங்கட்கிழமை அடுத்த வாரத்துக்கு மாற்றிவிட வேண்டும். பிரசவம் ஜூனில். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "மாமா, அப்பா குழந்தையைப் பாக்காமலே போயிடுவாரு போலிருக்கு. எங்கயாவது கூட்டிட்டுப் போங்க. உங்க கிண்டலை மட்டும் வீட்டுலயே விட்டுட்டுப் போங்க."

"எங்க போகலாம் சம்பந்தி, ஆப்பரா ஹவுஸா?" என்று கேட்டேன்.

"டோவர் ஹைட்ஸ்ல ஒரு பள்ளம் இருக்கு. அதைப் பாக்கணும்."

சிட்னிக்கு வந்து பள்ளம் பார்க்க ஆசைப்பட்ட முதல் மனிதர் இவராகத்தான் இருக்க வேண்டும். கிண்டலை விழுங்கிக்கொண்டேன். தொண்டை வலித்தது.

காலை எட்டே காலுக்கு பிளாக்டவுனில் ரயில் ஏறினோம். நகரத்தில் இறங்கி, பாண்டை ஜங்ஷனுக்கு வேறு ரயில். அங்கிருந்து கடற்கரை வழியாக வாட்சன்ஸ் பே போகிற பஸ். மொத்தம் இரண்டு மணி நேரம் ஆகும். பஸ் டிரைவர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் பேச்சைக் கேட்டதும் தமிழிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"ரேடார் இருந்த இடமோ? நான் இந்த ரூட்டில கன காலமா ஓடுறன் அண்ணை. உப்பிடி ஒண்டும் காணேல்லை. கிரவுண்ட் ஒண்டு இருக்கு, அதில இறக்கி விடுறன். காத்து அடிச்சுக் கொண்டுபோயிடும், கவனம்."

இறக்கிவிட்ட இடம் கடலை ஒட்டிய செங்குத்தான பாறை உச்சி. காற்று என் தொப்பையையே நகர்த்தியது. மைதானத்தில் பிள்ளைகள் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு கம்பத்தில் ஏரியல் ஒன்று நின்றது. அந்தக் காலத்தில் இருந்ததைப் போலப் பிற்பாடு செய்து வைத்த மாதிரியாம். எனக்குத் தாங்கவில்லை.

"சம்பந்தி, இதுக்கா ரெண்டு மணி நேரம்? எங்க தெருவுல தூர்தர்ஷன் பாக்க மாடிக்கு மாடி இதைத்தான் கட்டி வச்சிருந்தோம். காக்கா உக்காந்தா படம் போயிடும்."

முடிந்தது கதை, திங்கட்கிழமை டிக்கெட் மாறிவிடும் என்று நினைத்தேன். மனிதர் கத்தினார். ஆமாம், கத்தினார்.

"அதே தான்யா! அதே ஜாதி ஏரியல்தான்! ரெண்டாம் உலகச் சண்டைக் காலத்துல இங்க ரேடார் வச்சு எதிரிக் கப்பல் வருதான்னு கடலைப் பாத்தாங்க. சண்டை முடிஞ்சதும் அந்த எஞ்சினியர்கள் வானத்தைக் கேக்க ஆரம்பிச்சாங்க. நட்சத்திரங்கள் பக்கமிருந்து ரேடியோ அலை நேரா ஒரு தடவை வரும், கடல்ல பட்டுத் திரும்பி இன்னொரு தடவை வரும். ரெண்டையும் சேர்த்துப் பாத்து, எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிச்சாங்க. கடலையே கண்ணாடியாக்கிட்டாங்க, புரியுதா?"

எனக்குப் புரிந்தது பாதி. ஆனால் பத்து நாள் பேசாத வாய் பேசுகிறதே! அதைக் கெடுக்கக் கூடாதென்று, "பள்ளம்?" என்றேன்.

அதுதான் பெரிய அதிர்ச்சி. பெரிய தட்டு ஏரியல் செய்யக் காசில்லை. அதனால் அந்தப் படித்த மனிதர்கள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு, சாப்பாட்டு இடைவேளைகளில், மேலதிகாரிக்குச் சொல்லாமலே, மண்ணில் கிண்ணம் மாதிரி மாசக்கணக்கில் தோண்டினார்களாம். உள்ளே பெட்டி கட்டுகிற தகரப் பட்டைகளைப் பரப்பினார்களாம். எங்கள் குடோனில் சாப்பாட்டு நேரத்தில் நான் ஒரு பெட்டியைக் கூட நகர்த்தியதில்லை.

"முப்பது வருஷம் அந்தப் பள்ளத்தை போர்டுல வரைஞ்சிருக்கேன். வாங்க, காட்டுறேன்" என்று நடந்தார். சுற்றிச் சுற்றி வந்தோம். பள்ளம் இல்லை. ஆட்டம் முடிந்து பந்துகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்த பயிற்சியாளர் பெண்ணிடம் என் ஓட்டை இங்கிலீஷில் கேட்டேன். "பள்ளமா? அதை எப்பவோ மூடிட்டாங்க. இல்லேன்னா இந்தப் பசங்க கால் என்ன ஆகறது?" என்று சிரித்துக்கொண்டே போனார்.

சம்பந்தி முகம் செத்துவிட்டது. "மூடிட்டாங்களா" என்று இரண்டு தடவை சொன்னார். இவரைச் சமாதானப்படுத்தக் கூட்டிவந்து, இருந்த ஒரு பள்ளத்தையும் பறித்துவிட்டேனே! மருமகள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

"அந்தப் பள்ளத்துல என்னதான் தெரிஞ்சது சம்பந்தி?" என்றேன். கிண்டல் இல்லாமல்தான் கேட்டேன்.

நேரே நடு மைதானத்துக்குப் போனார். நாற்காலியைத் துடைக்காமல் உட்காராத மனிதர், இஸ்திரி போட்ட பேன்ட்டோடு புல்லில் மல்லாக்கப் படுத்துவிட்டார். ஆம்புலன்ஸ் நம்பர் ஞாபகம் வருவதற்குள், "பயப்படாதீங்க, பக்கத்துல படுங்க" என்றார். படுத்தேன்.

"பள்ளம் திரும்பாது, நேர் மேலே மட்டும்தான் பாக்கும். பூமி சுத்தச் சுத்த வானம் அதைக் கடந்து போகும். நம்ம பால்வெளியோட நடு மையம் கிட்டத்தட்ட இந்த ஊர் உச்சந்தலைக்கு மேலதான் போகுது. அதைத்தான் இங்க கேட்டாங்க."

"நம்ம தலைக்கு மேலயா? பிளாக்டவுனுக்குமா?"

"பிளாக்டவுனுக்கும்தான்."

பத்தொன்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். ஒருத்தனும் சொல்லவில்லையே! "இப்ப இருக்கா?" என்று வானத்தைத் தேடினேன்.

"இப்ப பூமிக்கு அந்தப் பக்கம். ஆகஸ்ட்ல ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு உச்சியில நிக்கும்." பேச்சை நிறுத்தி, விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டார். "அப்ப குழந்தைக்கு ரெண்டு மாசம் ஆகியிருக்கும். கொல்லையில தூக்கிட்டு வந்து காட்டலாம். டிக்கெட் இருக்கிறபடியே இருக்கட்டும் சம்பந்தி."

படுத்தபடியே மருமகளுக்கு ஃபோனில் தகவல் அனுப்பினேன்.

போகிறவர்களுக்கு: காற்றைத் தாங்கும் ஜாக்கெட் கட்டாயம். மைதானத்தை ஒட்டி நான் கடை எதுவும் பார்க்கவில்லை, எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போங்கள். சனி, ஞாயிறில் ஓபல் பயண அட்டையில் பஸ், ரயில் செலவு ஒரு நாளைக்குப் பத்து டாலருக்குள் முடிந்துவிடும். பாறை விளிம்புக்குப் போகாதீர்கள். பெரிதாக ஏதோ இருக்கும் என்று போகாதீர்கள், விவரம் தெரிந்த ஒருவரோடு போங்கள், அவரைப் பேச விடுங்கள்.

திரும்பும்போது பஸ்ஸிலும் ரயிலிலும் நல்ல இடம் கிடைத்தது. எனக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. சம்பந்தியும் எதிர் வரிசையில் போய் உட்கார்ந்தார். பிளாக்டவுனில் இறங்கியதும், நான் புல்லில் நாய் அசிங்கத்தின் மேல் படுத்திருந்ததாகத் தெரிவித்தார். எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன். படுக்கும்போதே என்றார். வீட்டு வாசலில் மருமகள் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னாள். கழற்றிவிட்டுப் போனேன்.