கோட்டு போட்ட தாய்மாமன்

எங்கள் மாமாவுக்குக் கோபம் வர ஒரு வெற்றிலைத் தட்டு போதும். விசேஷ வீட்டில் அந்தத் தட்டு முதலில் அவரிடம் வராமல் வேறு யாரிடமாவது போய்விட்டால், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றுவிடுவார். அம்மாவோ சித்தியோ போய்க் கையைப் பிடித்து இழுத்து வர வேண்டும். அவர் அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன். எங்கள் எல்லோருக்கும் இருந்த ஒரே தாய்மாமன். குச்சனூரில் நெல் விவசாயம். ஆனால் அவரைக் கேட்டால், தாய்மாமனாக இருப்பதுதான் என் முழுநேர வேலை, நெல்லை ஏதோ ஒழிந்த நேரத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்பார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். விசேஷ நாட்களில் மட்டும் பிடிக்காது.

நான் பிளஸ் ஒன் படித்த வருடம் தேனியில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மாணவர் பரிமாற்றம் என்று ஒன்று வந்தது. டென்மார்க்கிலிருந்து சில பிள்ளைகள் வந்து எங்கள் வீடுகளில் தங்குவார்கள். அடுத்த வருடம் நாங்கள் அவர்கள் வீடுகளுக்குப் போவோம். ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டத்தை ஒட்டியிருந்த எங்கள் வீட்டுக்கு ஃப்ரேயா வந்தாள். என்னைவிட ஒரு சாண் உயரம், வைக்கோல் நிறத்தில் முடி, எதைப் பார்த்தாலும் சிரிப்பு. அவள் பெயர் எங்கள் வீட்டில் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. வந்த அன்று சாயங்காலத்துக்குள் பிரியா ஆகிவிட்டாள். அவளும் பிரியா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

பொறுப்பு டீச்சர் எங்களைக் கூட்டிவைத்துச் சட்டதிட்டம் எல்லாம் சொல்லியிருந்தார். விருந்தாளியை பைக்கில் ஏற்றக்கூடாது, குழாய்த் தண்ணீர் கொடுக்கக்கூடாது, பச்சை குத்துவது, காது மூக்கு குத்துவது என்ற பேச்சே கூடாது. ஒன்றை மீறினாலும் அந்தப் பிள்ளையை வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவார்களாம். மீறின வீட்டுப் பிள்ளை டென்மார்க்கை மறந்துவிடலாமாம். நான் அதுவரை அதிகமாகப் போன தூரம் மதுரை. விமானத்தில் ஜன்னல் சீட்டு கேட்டு வாங்குவது எப்படி என்றுகூட அதற்குள் விசாரித்து வைத்திருந்தேன். ஆகவே ஃப்ரேயாவைக் கையில் முட்டையை வைத்திருப்பது போல வைத்திருந்தேன்.

அந்த முட்டையைத் தொட்டுப் பார்க்க ஊரே வந்தது. தோட்டத்தில் பழம் வெட்ட வரும் அக்காமார் முதல் நாளே அவள் காதுமடலைப் பிடித்துப் பார்த்துவிட்டார்கள்.

"ஏத்தா, இம்புட்டு அழகான பிள்ளைக்குக் காது மூளியால்ல கெடக்கு! ஆத்தாகாரி குத்தி விடலையாக்கும்?"

"தாய்மாமன் இல்லாத பிள்ளையோ என்னமோ, பாவம்" என்றார் இன்னொரு அக்கா.

என்ன சொல்கிறார்கள் என்று ஃப்ரேயா கேட்டாள். உன் காது அழகாக இருக்கிறதாம் என்று சொல்லி வைத்தேன்.

எங்கள் வீட்டில் அந்த வாரம் வேறு பேச்சே கிடையாது. சித்தி மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை குலசாமி கோயிலில் மொட்டையும் காதுகுத்தும். பந்தலுக்குச் சொல்வதும் கறிக்குச் சொல்வதுமாக அப்பா அலைந்துகொண்டிருந்தார். ஃப்ரேயாவுக்கு விளக்கிச் சொன்னேன். மாமா சீர்த்தட்டு எடுத்து மேளத்தோடு வருவார், பிள்ளையை மடியில் உட்கார வைப்பார், ஆசாரி காது குத்துவார், பிள்ளை ஊரைக் கூட்டும், அப்புறம் எல்லோரும் கிடாக்கறி சாப்பிடுவோம். அவள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரு காதுக்கு இத்தனை பேர் வருவார்களா?" என்றாள். அவர்கள் ஊரில் ஒரு கடைக்குப் போவார்களாம், ஒரு நிமிட வேலையாம். நீ ஏன் போகவில்லை என்றேன். தனியாகப் போகப் பிடிக்கவில்லை என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் குத்துவார்களா?" என்று கேட்டாள்.

என் ஜன்னல் சீட்டு கண்முன்னே பறந்து போனது. முடியவே முடியாது என்றேன். அவள் விடவில்லை. தன் அம்மாவிடம் பேசினாள். அவள் அம்மா எங்கள் டீச்சரிடம் பேசினாள். பெற்றவர்களே சம்மதித்தால் தனக்கொன்றும் இல்லை, ஆனால் ஊசி புதிதாக இருக்க வேண்டும், ஏதாவது ஆனால் அவ்வளவுதான் என்று டீச்சர் என்னைப் போனில் மிரட்டிவிட்டு ஒத்துக்கொண்டார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "ரெண்டு பிள்ளைக்கும் ஒண்ணா குத்திருவோம்" என்று அன்றைக்கே ஒரு பட்டுப்பாவாடை எடுத்து வந்தாள். எல்லாம் கூடி வந்துவிட்டது. மாமாவிடம் சொல்வது ஒன்றுதான் பாக்கி.

மாமா சாயங்காலமே வெள்ளையும் சொள்ளையுமாக வந்து இறங்கினார். விஷயத்தைக் கேட்டதும் முகமெல்லாம் பல். "எனக்கு டென்மார்க்குலயும் ஒரு மருமகளா!" என்று மீசையைத் தடவினார். தடவின கை பாதியில் நின்றது.

"இருங்க, இருங்க. இந்தப் பிள்ளைக்குத் தாய்மாமன் யாரு?"

ஃப்ரேயாவிடம் கேட்டேன். இருக்கிறார், அம்மாவுக்கு அண்ணன், ஆனால் வருவதில்லை என்றாள். வேறு ஊரில் வேலை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"அவுக பாஷையில தாய்மாமனுக்குன்னு தனியாப் பேரு இருக்கா, இல்ல எல்லாரும் அங்கிளுதானா, கேளு."

கேட்டேன். அம்மாவோடு பிறந்தவன் என்று அர்த்தம் வருகிற மாதிரி தனிச் சொல்லே இருக்கிறது என்று ஃப்ரேயா சொன்னாள். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"பாத்தியா! பேரு இருக்குன்னா மொறையும் இருக்கும்ல? அந்த மனுசன் அங்கன குத்துக்கல்லாட்டம் இருக்கையில நான் போயி சீர்த்தட்டத் தூக்குனா, நாளப்பின்ன அவரு மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?"

ஏழு கடலுக்கு அப்பால் இருக்கிறவர் மூஞ்சியில் இவர் எப்போது முழிக்கப் போகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் மாமா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, ஃப்ரேயா அம்மாவுக்கு வீடியோ கால் போடச் சொல்லி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். நடுவில் மொழிபெயர்ப்பு நான்.

"தங்கச்சி, நல்லா இருக்கீகளா? பிள்ள காதுகுத்துக்கு ஒங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்த சொன்னீகளா?"

அவர் வேலையில் இருப்பார் என்று ஃப்ரேயாவின் அம்மா சொன்னாள்.

"மருமக காதுகுத்தவிட என்ன பெரிய வேல? அவரு வந்து நிக்கணும். நேர்ல முடியாட்டி போன்லயாச்சும் நிக்கணும். இது அவரு உரிம. அவரு சரின்னு சொல்லாம நான் இந்தப் பிள்ள காதத் தொட மாட்டேன்."

முடிந்தவரை சர்க்கரை தடவி இதை இங்கிலீஷில் சொன்னேன். ஃப்ரேயாவின் அம்மா பதில் சொல்லவில்லை. கண்ணைக்கூட அசைக்காமல் அப்படியே இருந்தாள். சிக்னல் போய்விட்டது என்று நினைத்து நான் போனைத் தட்டினேன், வாசல் பக்கம் கொண்டுபோய்த் தூக்கிப் பிடித்தேன். சிக்னல் முழுசாக இருந்தது. வெகுநேரம் கழித்து, "கேட்டுப் பார்க்கிறேன்" என்றாள்.

"கேட்டா மட்டும் பத்தாது. சீரும் வேணும்னு சொல்லு. பழம், துணிமணி, இனிப்பு. தட்டு ஒத்தப்படையில இருக்கட்டும்" என்றார் மாமா. வெட்கத்தைவிட்டு அதையும் சொன்னேன்.

அதற்குப் பிறகு டென்மார்க்கிலிருந்து ஒரு தகவலும் இல்லை. ஃப்ரேயா சோற்றுக் கையோடு போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள். பட்டுப்பாவாடையைத் தொட்டுப் பார்ப்பாள், மடித்து வைப்பாள். அவள் சிரிக்காமல் இருந்தது அந்த இரண்டு நாள்தான். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு மாமா மேல் ஆத்திரம் பொங்கியது. நீயாவது உன் அண்ணனுக்குப் புத்தி சொல்லக்கூடாதா என்று அம்மாவிடம் சண்டை போட்டேன்.

அம்மா தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள். "ஒன் காதுகுத்துல ஒங்கப்பாவோட ஏதோ பேச்சாகி, எங்கண்ணன் வாசல்லயே நின்னுட்டாக. அவுக உள்ள வர்றவரைக்கும் நான் ஒன்னய மடியவிட்டு எறக்கல. ஆசாரி போறேன்னாரு, போங்கன்னுட்டேன்." அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. அண்ணனும் தங்கையும் ஒரே குட்டையில் ஊறின மட்டைகள் என்று மட்டும் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குலசாமி கோயில் களை கட்டிவிட்டது. மாமா மேளத்தோடு சீர்த்தட்டுகள் புடைசூழ வந்தார். ஃப்ரேயாவுக்கென்று ஒரு ஜோடித் தோடும் வாங்கி வந்திருந்தார், ஆனால் அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். சித்தி மகள் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அவர் மடியில் உட்கார்ந்து, ஊசி படுவதற்கு முன்பே அலறி, பட்ட பிறகு மறந்துபோய் லட்டு கேட்டது. அடுத்து ஃப்ரேயா. பட்டுப்பாவாடை, தலை நிறைய மல்லிகைப்பூ. பாவாடை கணுக்காலுக்கு மேலே நின்றது. மணையில் வந்து உட்கார்ந்தாள். நான் புது ஊசியா என்று கேட்டதில் ஆசாரிக்கு ஏற்கெனவே கோபம்.

ஃப்ரேயாவின் அம்மாவுக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. அங்கே இன்னும் விடிந்திருக்காது. மறுபடியும் போட்டேன், எடுக்கவில்லை. நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்றார் பூசாரி. அடுத்த ஊரில் இன்னொரு காதுகுத்து இருக்கிறது என்றார் ஆசாரி. "சரி மாமா, நீங்களே..." என்று ஆரம்பித்தேன். மாமா சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டார். ஃப்ரேயாவின் கண் கலங்கிவிட்டது. அப்பாகூட, மச்சானைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தவர், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

அப்போது ஃப்ரேயாவின் போன் அடித்தது.

திரையில் ஒரு அடுப்படி தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. ஃப்ரேயாவின் அம்மா நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல தாடி வைத்த பெரிய மனிதர் ஒருவர், தடிமனான கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு நின்றார். குளிர் தேசத்தில் வீட்டுக்குள்ளேயும் கோட்டு போட்டுக்கொள்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவர் கையில் ஒரு தட்டு. அதைப் பத்திரமாகத் தூக்கிக் காட்டினார். ஆப்பிள், வாழைப்பழம், ஒரு கம்பளித் தொப்பி, பெரிய சாக்லேட்டுக் கட்டி, நடுவில் ஒரு முழு ரொட்டி.

கோயிலே எழுந்து போனைச் சுற்றிக்கொண்டது. மாமா போனைக் கையில் வாங்கி, வயலில் பயிரைப் பார்க்கிற மாதிரி அந்தத் தட்டை உற்றுப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார்.

"அஞ்சு வகை. ஒத்தப்படைதான். வெத்தல பாக்கு இல்ல. பரவாயில்ல, தூரந்தொலவு" என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு திரையைப் பார்த்துக் கும்பிட்டு, "வாங்க தம்பி" என்றார். கோட்டு போட்டவர் தட்டைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, பார்த்தது போலவே திருப்பிக் கும்பிட்டார். பழம் வெட்டுகிற அக்காமார் குலவை போட்டதில் டென்மார்க்கில் அக்கம்பக்கத்து வீடுகளும் விழித்திருக்கும்.

மாமா தம்பட்டம் அடிக்கிற ஆள்தான். ஆனால் அன்றைக்கு மணைக்குப் பின்னால் போய்க் குந்தி, போனை ஃப்ரேயாவின் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். படத்தில் தன் முகம் வராதபடி தலையையும் குனிந்துகொண்டார். தோட்டைக்கூட போனுக்கு முன்னால் நீட்டி, கோட்டுக்காரர் தலையாட்டிய பிறகுதான் ஆசாரி கையில் கொடுத்தார். ஊசி இறங்கியபோது ஃப்ரேயா அழவில்லை, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சிரித்தாள். அங்கே அவள் அம்மாதான் அழுதாள். ஓயாமல் அழுதாள். ஒரு ஊசிக்கா இவ்வளவு என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது. வலிக்கவில்லை, வலிக்கவில்லை என்று அவளுக்கு இங்கிலீஷில் எடுத்துச் சொன்னேன்.

அடுத்த வருடம் நான் டென்மார்க் போனேன், ஜன்னல் சீட்டில். விமான நிலையத்துக்கு ஃப்ரேயாவோடு அவள் அம்மாவும் மாமாவும் வந்திருந்தார்கள். அவர் அதே கோட்டில் வந்து, முதல் கேள்வியாக எங்கள் மாமாவைத்தான் விசாரித்தார். காரில் முன்சீட்டில் அண்ணனும் தங்கையும் எந்த வழியாகப் போவது என்று அவர்கள் மொழியில் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். பின்சீட்டில் ஃப்ரேயா, காதில் எங்கள் மாமா வாங்கிக் கொடுத்த தோடு ஆட, என்னிடம் மெல்லச் சொன்னாள். தாத்தாவின் வீட்டை விற்றபோது வந்த சண்டையில், அவள் சிறு பிள்ளையாக இருக்கும்போதே அந்த இரண்டு பேரும் பேச்சை விட்டவர்கள். எங்கள் மாமா போனில் கேட்ட பிறகுதான் அவள் அம்மா அண்ணனுக்குப் போன் செய்திருக்கிறாள். காதுகுத்துக்காக அவர் ராத்திரியெல்லாம் கார் ஓட்டி, நாங்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் தங்கை வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறார். கோட்டைக் கழற்றக்கூட நேரமில்லை.

அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரிந்தது! திரை சின்னது, அவர் உருவம் பெரியது, தங்கையின் தலையை அவர் தலை மறைத்தது. என் கவலையெல்லாம் படம் நன்றாக விழ வேண்டும் என்பதுதான். இரண்டு பேரும் ஏன் இப்படி இடித்துக்கொண்டு நிற்கிறீர்கள், கொஞ்சம் தள்ளித் தள்ளி நில்லுங்கள் என்று குலவைச் சத்தத்துக்கு மேலே நான் கத்திக்கொண்டே இருந்தேன். அவர்கள் சிரித்தார்களே தவிர, கடைசிவரை தள்ளி நிற்கவே இல்லை.