பானையில் வைத்த சுருட்டு

திருப்பூரில் பனியன் கம்பெனிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த காலம். அப்பா பஞ்சு பேக்டரியில் வேலை பார்த்தார். டீயை ஆறவிட்டுக் குடிக்கக்கூடப் பொறுமை இல்லாத மனிதர், சுருட்டு விஷயத்தில் மட்டும் ஆறு மாதம் காத்திருப்பார். தாராபுரம் சந்தையில் வாங்கிய புதுச் சுருட்டைத் தொடவே மாட்டார், தொண்டையைக் கிழிக்கும் என்பார். வாழைச் சருகில் கட்டுக் கட்டாகச் சுற்றிப் புது மண்பானையில் அடுக்கி, வாயைத் துணியால் கட்டி, தண்ணீர்ப் பானை இருக்கும் ஈரமணலுக்குப் பக்கத்தில் வைப்பார். ரொம்பக் காய்ந்தால் பொடியாகிவிடும், ஈரம் மிஞ்சினால் பூசணம் பிடிக்கும். மாதம் ஒருமுறை அடியில் இருக்கும் கட்டுகளை மேலேயும் மேலே இருப்பவற்றை அடியிலும் மாற்றுவார். என்னைத் தூக்கியதைவிட அந்தப் பானையைத்தான் அதிகம் தூக்கியிருப்பார் என்பாள் அம்மா. அவளுக்குச் சுருட்டு நாற்றமே ஆகாது. அப்பாவின் இருமலுக்குக் காரணம் சுருட்டா பஞ்சுத் தூசியா என்று வீட்டில் ஓயாத சண்டை.

கடைசியில் இருமல்தான் ஜெயித்தது. அப்பாவைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பார்க்கப் போனால் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். "பானைய மாத்தி அடுக்குனியா புள்ள?" என்றுதான் கேட்பார். "ஆச்சுங்க" என்பாள் அம்மா. மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு அதை ஒழுங்காகச் செய்துகொண்டுதான் இருந்தாள். அவர் வந்து அந்தச் சுருட்டைப் பற்றவைக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு வேண்டுதல் இல்லை.

ஒருநாள் சுருட்டில் ஊசி குத்தியதுபோல் ஓட்டைகள். வண்டு விழுந்திருந்தது. அம்மா பதறிப்போனாள். அப்பாவின் தங்கை, என் அத்தை, பனியன் கம்பெனியில் மடிப்பு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"இதுக்கு ஏனுங்க அண்ணி கவலப்படறீங்க? எங்க கம்பெனியில பொட்டி பொட்டியாப் பனியன் கெடக்குது, ஒரு பூச்சி அண்டறதில்லீங்க" என்று சொல்லி, மறுநாளே பாச்சை உருண்டைகள் கொண்டுவந்தாள். அண்ணன்மேல் இருந்த பாசத்தில் கை நிறைய அள்ளிப் போட்டுப் பானையை இறுக்கிக் கட்டினாள். அடிக்கடி திறந்தால் உருண்டையின் வேகம் போய்விடும் என்றதால், அம்மா அப்புறம் அதைத் திறக்கவில்லை.

மழைக்காலத்தில் அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நான் குதித்தேன். டாக்டரே அழைத்துப் போகச் சொல்லிவிட்டாராம், கேட்டதையெல்லாம் கொடுங்கள் என்றாராம். அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

அம்மா பானையைத் திறந்ததும் துணிப்பெட்டியைத் திறந்த வாசம் வந்தது. ஒவ்வொரு கட்டாக எடுத்து முகர்ந்து பார்த்தாள். எல்லாம் அப்படித்தான். அத்தை தலையில் அடித்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கடையில வேற வாங்கியாரச் சொல்லட்டுங்களா?" என்றாள் அம்மா.

"நம்ம பானையில இருக்கறப்ப கடைச் சுருட்டு எதுக்கு புள்ள?"

வேறு வழியில்லாமல் அவளே பற்றவைத்துக் கொடுத்தாள். அப்பா ஒரு இழுப்பு இழுத்தார். முகம் சுளித்ததை நான் பார்த்தேன். இருமி அடங்க வெகுநேரம் ஆனது.

"நல்லாப் பதமா இருக்குது புள்ள. காரமே இல்ல" என்றார். இன்னொரு இழுப்பும் இழுத்துக் காட்டினார்.

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். எனக்கோ எரிச்சலாக வந்தது. நன்றாக இருக்கிறது என்று சொன்னால் எதற்கு அழ வேண்டும்? நான் கேட்டால் ஒரு மிட்டாய்க்கே ஆயிரம் கேள்வி கேட்கிறவள், அப்பா கேட்டதும் சுருட்டைப் பற்றவைத்தே கொடுக்கிறாள். பொறாமை தாங்கவில்லை.

"அம்மா, என்னையும் அந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. வந்தா நான் கேக்கறதயும் குடுப்பியல்ல?" என்றேன்.

அம்மா கையை ஓங்கினாள். அப்பா தடுத்து, என்னைக் கட்டிலில் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தார். "உனக்கு என்ன வேணுமோ இப்பவே கேளு கண்ணு" என்றார்.

நான் வெகுநேரம் யோசித்து, ஒரு சிவப்பு ரிப்பன் கேட்டேன்.