அக்கா நின்ற பக்கம்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் சுண்டெலிகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. கூண்டு கழுவுவார், மரத்தூள் மாற்றுவார், நடுவில் என் மேசையைத் துடைக்கிறேன் என்று காகிதங்களைத் தொலைப்பார். எலிகள் நீந்தும்போது மட்டும் தோளில் துண்டோடு தொட்டியோரம் ஆணி அடித்தாற்போல் நிற்பார்.

தொட்டியில் வெள்ளைப்பொடி கரைத்த தண்ணீர். அதற்கடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன மேடை. சுவரில் ஒட்டிய படங்களை அடையாளம் வைத்து எலி அதைக் கண்டுபிடித்து ஏற வேண்டும். ஏறியதும் அக்கா எடுத்துத் துவட்டுவார். வயது ஏற ஏற இந்த வழிநினைவு எப்படித் தேய்கிறது என்பதுதான் என் இரண்டு வருட ஆராய்ச்சி.

"எலிக்குத் தலை துவட்டிட்டு வந்தியா?" என்று கணவர் கேலி செய்வாராம். "உங்களுக்குத் துவட்ட முடி எங்க இருக்கு?" என்பாராம் அக்கா.

முழங்கால் அறுவை சிகிச்சைக்காக அவர் ஒரு மாதம் விடுப்பில் போனார். அந்த மாதம் கிழட்டு எலிகள் எல்லாம் வழி தவறின. இளமையில் கெட்டிக்காரனாக இருந்த மொட்டைவால்கூடச் சுற்றிச்சுற்றி வந்தான். முதுமையில் மறதி என்று கட்டுரையை எழுதி முடித்தேன். வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும்.

வியாழனன்று அக்கா கைத்தடியோடு வந்தார்.

"மொட்டைவால் எப்படிம்மா இருக்கான்?"

"எல்லாத்தையும் மறந்துட்டான்க்கா."

"அவனா? விட்டுப் பாருங்கம்மா."

விட்டேன். ஆறே நொடி. நேராக மேடையில் ஏறி நின்றான். நிமிர்ந்து பார்த்தேன். மேடைக்கு நேரே, வழக்கமான இடத்தில், துண்டோடு அக்கா.

"இவ்வளவு நாளும் இவன் படத்தைப் பாக்கலக்கா, உங்களைத்தான் பாத்திருக்கான். ரெண்டு வருஷமும் வீணாப் போச்சு."

"நான் பாட்டுக்குத்தானேம்மா நின்னேன்" என்றார் அக்கா. முகம் வாடிவிட்டது. எலியின் கண்ணில் ஆள் படக் கூடாது என்பது என் குறிப்பேட்டிலேயே இருக்கிற விதி. சீக்கிரம் துவட்டினால் சீக்கிரம் வேலை முடியும் என்று அவரை அங்கே நிறுத்தியவள் நான். வள்ளென்று விழுந்ததும் நானே.

மறுநாள், கட்டுரையை அனுப்பும் முன் உறுதி செய்துகொள்ள, மேடைக்கு எதிர்ப்பக்கம் திரை கட்டி, அக்காவை அதன் பின்னால் உட்கார வைத்தேன். மொட்டைவால் வட்டமடித்தான். அக்கா நிற்கும் இடம் காலியாக இருந்தது. தொட்டிச் சுவரோரமாகவே தேடினான். நாற்பது நொடி. மூக்கு தண்ணீரில் முங்கி எழுந்தது.

திரை விலகியது. பொறுக்க முடியாமல் அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

மொட்டைவால் திரும்பினான். மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நேராக அவரை நோக்கி நீந்தி வந்து, தொட்டிச் சுவரைப் பிறாண்டினான்.

"மேடை இங்க இல்லடா" என்றார் அக்கா. "நான்தான் இருக்கேன்."

அவன் எதையும் மறக்கவில்லை. அதை எழுத என் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. கடிகாரத்தை நிறுத்தினேன்.

"தூக்குங்கக்கா, அவனுக்குக் குளிருது."