அம்மா தலைமேல் ஒரு ஆன்சர்

பள்ளிக்கூட வேலையாக என் மகள் ‘ஆன்சர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பூர்வீகத்தைத் தேடச் சொன்னாள். போனில் பார்த்தேன். ஒருவன்மேல் பழி சொன்னால், அதை மறுத்து அவன் செய்கிற சத்தியத்துக்குத்தான் ஆதியில் அந்தப் பெயராம். ராயபுரத்தில் எங்கள் வீட்டு வழக்கமும் அதுதான். வெறும் பதில் அப்பாவிடம் செல்லாது. அம்மா தலையில் கை வைத்தால்தான் செல்லும்.

எனக்கு எட்டு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்ததும் மாமா ஒரு குண்டான் உயிர் நண்டு கொண்டுவந்தார். கொடுக்குகளைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. பந்தயம் விடலாமே என்று கட்டுகளை அவிழ்த்தேன். நண்டுகள் ஆளுக்கொரு திசையில் ஓடிவிட்டன. ஹார்பருக்குக் கிரேன் ஓட்டக் கிளம்பிய அப்பா ஷூவுக்குள் கால் விட்டார். துள்ளிய துள்ளலில் காலண்டர் விழுந்தது.

“இன்னாடா, நீயா அவுத்துவுட்டே?” பெல்ட் கழன்றது.

“நா இல்லப்பா.”

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். என் சட்டைப் பாக்கெட்டை ஏனோ ஒரு தரம் சரிசெய்துவிட்டு, யாரும் கேட்காமலே தலையைக் குனிந்தாள். “வையிடா கைய.”

வைத்தேன். “சத்தியமா நா இல்ல.”

பெல்ட் இடுப்புக்குத் திரும்பியது. நான் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொய்ச் சத்தியம் செய்தால் அந்தத் தலைக்குரியவர் காலி. அம்மா தும்மினாள், சவப்பெட்டிக் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்று யோசித்தேன். கொட்டாவி விட்டாள், அழுதேவிட்டேன்.

அப்போது அடுப்படியிலிருந்து, “ஐயோ, செத்தேன்!”

ஓடினேன். “அம்மா, செத்துடாத! நாந்தான் அவுத்துவுட்டேன்! அப்பா, என்ன அட்ச்சிரு, அம்மாவ வுட்ற சொல்லி மாதாகிட்ட சொல்லு!”

அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளிந்திருந்த கடைசி நண்டு, அம்மாவின் கால் கட்டைவிரலில் தொங்கிக்கொண்டிருந்தது.

“போலீசுகூட இப்டி உண்மய வாங்க மாட்டான் மச்சான்,” என்று மாமா அப்பாவின் தோளில் சாய்ந்து சிரித்தார். அப்பா பெல்ட்டில் கை வைத்தார். சிரிப்பு அவிழ்க்க விடவில்லை. தலையில் ஒரு குட்டோடு வழக்கு முடிந்தது. அம்மா உயிரோடு இருந்தாள். நண்டின் காலை எனக்கு உடைத்துக் கொடுத்தாள். அவ்வளவு ருசியாக நான் அதற்கப்புறம் எதையும் தின்றதில்லை.

ஒன்று மட்டும் அன்று புரியவில்லை. ராத்திரி சட்டையைக் கழற்றும்போது, பாக்கெட்டின் அடியில் நண்டுகளைக் கட்டியிருந்த கயிறுகள் சுருண்டு கிடந்தன. காலையில் நான் அவசரத்தில் திணித்தபோது, பாதி வெளியே நீட்டிக்கொண்டல்லவா இருந்தன?