பொன்னுத்துரையின் ஓரக்கண்

நிக்கோபாரின் கட்சால் தீவுப் பொன்னுத்துரையின் கண்ணுக்கு ஈடான கண் இந்துமகா சமுத்திரத்திலேயே கிடையாது. சுமத்ராவில் ஒருவன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டால் இவர் இங்கே நின்று சிரிப்பார். சந்தேகமிருந்தால் கண் முகாமில் கொடுத்த சீட்டைப் பாருங்கள்: பார்வை முழுசாக இருக்கிறதாம்.

சீட்டு வந்த கதை வேறு. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்களுக்கு வருஷா வருஷம் ஒரே எழுத்துப் பலகைதான். கண் மங்கினால் கத்தியைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயமே அதை மனப்பாடம் பண்ணி வைத்திருந்தது. பொன்னுத்துரைக்குச் சொல்லிக்கொடுத்தது மகள் சுதா. பதினாறு வயது; பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் அடுத்தவர் செருப்பை ஒளித்துவைக்கிற வேலை.

மரம் சீட்டைப் படிக்காதே. பட்டையை மட்டும் சீவ வேண்டிய கத்தி கட்டை வரை இறங்கியது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி குழந்தைவேலு அவரை நிறுத்தினார்.

“அரே பொன்னு, இன்னொரு மரம் காயப்பட்டுச்சுன்னா கத்தியைக் குடுத்துட்டுப் புல்லு வெட்டப் போ. பஸ், அவ்வளவுதான்.”

அதற்கப்புறம் மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கண்ணைக் காட்ட லீவு போட்டு, போர்ட் பிளேயர் கப்பலில் மேல்தளத்துக்கும் கீழ்த்தளத்துக்குமாக நடந்தே கடலைத் தாண்டினார். சுதா பின்னாலேயே.

ஆஸ்பத்திரியில் டாக்டர் உமா மகேஸ்வரி பலகை மாட்டினார். பொன்னுத்துரை நெஞ்சை நிமிர்த்தி, இங்கிலீஷ் எழுத்துகளை மேலிருந்து கீழ்வரை மடமடவென்று ஒப்பித்தார்.

“அண்ணே, இதுல எழுத்தே இல்லை. எல்லாம் நம்பர்.”

சுதா மின்விசிறியைப் பார்த்தாள்.

சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து, அரை நாள் சோதித்தபின் டாக்டர் சொன்னார்: “விழித்திரை நடுவுல தேஞ்சிருக்கு. சில குடும்பத்துல வர்றதுதான். கண்ணாடி போட்டாலும் திரும்பாது. ஆனா ஓரம் நல்லாருக்கு. எதைப் பார்க்கணுமோ அதுக்குக் கொஞ்சம் பக்கத்துல பாருங்க, தெரியும். மரப்பட்டையில பழுப்பு மேல பழுப்பு தெரியாது. வெள்ளைக் கோடு இருந்தா பிடிபடும். நல்ல வெளிச்சமா ஒரு தலைவிளக்கு வாங்கிக்கோங்க.”

திரும்பும் கப்பலிலும் அதே நடை.

“கங்காணி முன்னால எங்கேயோ பார்த்துக்கிட்டு நிக்கச் சொல்றாங்க. திமிருன்னு நினைப்பாரு.”

“நேரா பார்த்தப்ப மட்டும் மாலையா போட்டாரு?” என்றாள் சுதா.

லீவு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அவர் தீட்டிய கத்தியையே தீட்டினார். சுதா எங்கே சுற்றினாள் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் விடியுமுன் தலைவிளக்கோடு போனார். அவர் பங்கு மரங்களில், பழைய வெட்டுக்குக் கீழே, வெள்ளையாக ஒரு கோடு. நேராகப் பார்த்தார், கோடு கரைந்தது. முகத்தைக் கொஞ்சம் ஒதுக்கினார். பளிச்சென்று வந்து நின்றது. அன்றைக்குக் கத்தி கட்டையைத் தொடவில்லை. குழந்தைவேலு மரம் மரமாகத் தடவிப் பார்த்துவிட்டு, “டீக் ஹை, சரிதான்” என்று மட்டும் சொல்லி நகர்ந்தார்.

சாயங்காலம் பொன்னுத்துரை பக்கத்து வீட்டுக் கூரையைப் பார்த்தபடி சுதாவிடம் கேட்டார். “யாரு கோடு போட்டது?”

“எனக்கென்ன தெரியும்? காட்டிலாகாவா இருக்கும்.”

அவர் கூரையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

“கையை முதுகுக்குப் பின்னால கொண்டுபோகாதே. முழங்கை வரைக்கும் சுண்ணாம்பு.”